முட்டை வெடிக்குதா இல்லையா: எந்த ஹார்மோன் டெஸ்ட்டை எந்த நாள்ல எடுக்கணும், ரிசல்ட்டை எப்படி பாக்கணும்

லேப் கவுண்டர்ல ஹார்மோன் டெஸ்ட் சீட்டோட வர்றவங்ககிட்ட முதல்ல கேக்குற கேள்வி "இன்னிக்கு பீரியட்ஸ் ஆகி எத்தனாவது நாள்?"னுதான். பாதி பேரு அங்கயே ஃபோனை எடுத்து காலண்டரை தள்ளித் தள்ளி பாப்பாங்க, சில பேரு "போன வாரம்... இல்ல அதுக்கு முந்தின வாரம்"னு இழுப்பாங்க, சில பேரு "அது எதுக்கு, ரத்தம்தான எடுக்கப்போறீங்க"ன்னு கடுப்பாவாங்க. ஆனா அந்த ஒரு பதில் தெரியாம எடுத்த ரிப்போர்ட்ல பாதிக்கு அர்த்தமே கிடையாது. ஒரே பொண்ணுக்கு ஒரே மாசத்துல புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் ஏறுற ஹார்மோன்) 0.5-ம் வரும், 15-ம் வரும், ரெண்டும் நார்மல்தான், எந்த நாள்ல எடுத்தாங்கன்றதுதான் விஷயம். அதனால இதுல எந்த டெஸ்ட் எதுக்கு, எந்த நாள், அன்னிக்கு என்ன செய்யணும் செய்யக்கூடாது, ரிப்போர்ட் வந்ததும் எதை முதல்ல பாக்கணும்னு வரிசையா சொல்றேன். மருந்து என்ன போடணும்னு இதுல இல்ல, அது உங்க டாக்டர் வேலை.

முதல்ல யாருக்கு இது தேவைன்னு பாத்துடலாம். பீரியட்ஸ் மாசாமாசம் ஒழுங்கா, அதாவது 21 நாள்லேர்ந்து 35 நாளுக்குள்ள, ஒவ்வொரு மாசமும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளில வருதுன்னா பெரும்பாலும் முட்டை வெளிய வந்துட்டுதான் இருக்கும். அப்படி இருக்கிறவங்களுக்கும் குழந்தைக்கு ட்ரை பண்ணி நாளாச்சுன்னா டாக்டர் ஒரு புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் எழுதி உறுதிப்படுத்திக்குவாங்க, ஆனா அவங்க ஹார்மோன் பேனல்னு பத்து பதினஞ்சு டெஸ்ட்டை மொத்தமா எடுக்கணும்னு அவசியம் இல்ல. மாறா ரெண்டு மாசம் மூணு மாசம் தள்ளிப்போறது, வருஷத்துக்கு எட்டு தடவைக்கு கம்மியா வர்றது, திடீர்னு நின்னே போறது, மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றது, இதுக்கெல்லாம் காரணம் தேடித்தான் ஆகணும், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகலைன்னாலும். பொதுவா 35 வயசுக்குள்ள இருக்கிறவங்க ஒரு வருஷம் ட்ரை பண்ணிட்டு போகலாம், 35 தாண்டினவங்க ஆறு மாசம், ஆனா பீரியட்ஸே ஒழுங்கா இல்லைன்னா இந்த ஒரு வருஷ கணக்கு உங்களுக்கு கிடையாது, இப்பவே போங்க. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்"னு வீட்ல சொல்வாங்க, பாக்க ஒண்ணும் இல்ல, முட்டையே வராம எவ்ளோ மாசம் ட்ரை பண்ணி என்ன ஆகப்போகுது.

இன்னொண்ணு, பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்குன்னு ஹார்மோன் டெஸ்ட்டுக்கு வர்றவங்க முதல்ல பிரெக்னன்ஸி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. சொல்றதுக்கு சிரிப்பா இருக்கும், ஆனா எல்லா டெஸ்ட்டுக்கும் பில் போட்டு ரத்தம் கொடுத்ததுக்கு அப்புறம் கர்ப்பம்னு தெரிஞ்சவங்க இருக்காங்க.

நாள் கணக்கு எப்படி

முதல் நாள்ன்றது நல்லா ரத்தப்போக்கு ஆரம்பிச்ச நாள். அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா லேசா பிரவுன் கலர்ல கறை படுறது கணக்குல வராது. பேட் வைக்கிற அளவுக்கு என்னிக்கு ஆச்சோ அதுதான் நாள் 1. ராத்திரி லேட்டா, பத்து பதினோரு மணிக்கு மேல ஆச்சுன்னா நிறைய டாக்டர்ஸ் அடுத்த நாளை முதல் நாளா எடுத்துக்க சொல்வாங்க, உங்க டாக்டர் எப்படி சொல்றாங்களோ அப்படி வச்சுக்குங்க, ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா பெரிய வித்தியாசம் வராது. குறைஞ்சது மூணு மாசத்து தேதியை எழுதி வைங்க, ஆப்ல போட்டாலும் சரி காலண்டர்ல வட்டம் போட்டாலும் சரி. ஆனா ஆப்ல "இன்னிக்கு உங்களுக்கு ஓவுலேஷன்"னு (முட்டை வெளிய வர்ற நாள்னு) காட்டுறதை அப்படியே நம்பாதீங்க, அது பழைய தேதியை வச்சு போடுற கணக்கு, உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்கு தெரியாது. பீரியட்ஸ் ஒழுங்கா இல்லாதவங்களுக்கு அந்த கணக்கு சுத்தமா தப்பும்.

நாள் 2 லேர்ந்து 4: எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால்

இந்த மூணும் சேர்ந்து ஒரே ரத்தத்துல எடுக்கணும், பீரியட்ஸ் ஆன ரெண்டாம் நாள்லேர்ந்து நாலாம் நாளுக்குள்ள, அஞ்சாம் நாள் வரைக்கும் கூட ஒத்துக்குவாங்க. வெறும் வயிறு தேவையில்ல. பீரியட்ஸ் நேரத்துல ரத்தம் கொடுக்கலாமான்னு தயங்க வேண்டியதில்ல, இந்த டெஸ்ட்டே அதுக்குத்தான்.

எஃப்எஸ்ஹெச்ன்றது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்புற உத்தரவு, முட்டையை வளருன்னு. சினைப்பை நல்லா வேலை செஞ்சா கொஞ்சம் அனுப்பினாலே போதும். அதுல முட்டை கம்மியாகிட்டே வந்தா, கூப்பிட்டும் திரும்பிப் பாக்காத ஆளை இன்னும் சத்தமா கூப்பிடுற மாதிரி, எஃப்எஸ்ஹெச் ஏறும். அதனால இங்க எஃப்எஸ்ஹெச் அதிகமா இருக்கிறது நல்ல செய்தி இல்ல. பொதுவா 10-க்கு கீழ இருந்தா கவலை இல்ல. 40 வயசுக்கு கீழ, நாலு மாசமாவது பீரியட்ஸ் ஒழுங்கா இல்லாம, எஃப்எஸ்ஹெச் 25-க்கு மேல போச்சுன்னா சினைப்பை சீக்கிரமாவே ஓய்வுக்கு போகுதான்னு சந்தேகப்படுவாங்க, சந்தேகம் தீரலைன்னா நாலு ஆறு வாரம் விட்டு திரும்ப எடுப்பாங்க. ஒரு மாசம் 11 அடுத்த மாசம் 8-ன்னு மாறுறதெல்லாம் சகஜம், ஒரு ரிப்போர்ட்டை வச்சு அழுது தீர்க்க வேண்டாம்.

எஃப்எஸ்ஹெச்சோட ஈஸ்ட்ரடையாலும், அதாவது சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜனும், ஏன் எடுக்கணும்னா, ஈஸ்ட்ரடையால் ஏறியிருந்தா அது எஃப்எஸ்ஹெச்சை அமுக்கி வச்சிடும். அப்போ எஃப்எஸ்ஹெச் 7-ன்னு அழகா வரும், நீங்களும் சந்தோஷமா போயிடுவீங்க, ஆனா அது பொய்யான 7. மூணாம் நாள்ல ஈஸ்ட்ரடையால் சுமார் 80 பிகோகிராமுக்கு கீழ இருந்தாதான் பக்கத்துல இருக்கிற எஃப்எஸ்ஹெச்சை நம்பலாம். செலவை குறைக்கிறேன்னு எஃப்எஸ்ஹெச்சை மட்டும் தனியா எடுக்கிறது இதனாலதான் வீண்.

எல்ஹெச்ன்றதும் பிட்யூட்டரி அனுப்புறதுதான், வளர்ந்த முட்டையை வெளிய வரவைக்கிற உத்தரவு. இதைப் பத்தி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஓடிட்டு இருக்கு, எல்ஹெச் எஃப்எஸ்ஹெச்சை விட ரெண்டு மடங்கு இருந்தா பிசிஓஎஸ்னு (சினைப்பைல நிறைய சின்ன முட்டைப்பைகள், பீரியட்ஸ் தள்ளிப்போறது, ஆண் ஹார்மோன் அதிகம்னு சேர்ந்து வர்ற பிரச்சனை). பிசிஓஎஸ் இருக்கிற நிறைய பேருக்கு அப்படி இருக்கும்தான், ஆனா இல்லாமலும் இருக்கும், அதை வச்சு பிசிஓஎஸ்னு முடிவு பண்றதை இப்போ யாரும் ஏத்துக்கிறதில்ல. எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரடையால் மூணுமே ரொம்ப கம்மியா இருந்தா அது வேற கதை, கீழ சொல்றேன்.

புரோஜெஸ்டிரோன்: "21-ம் நாள் டெஸ்ட்"ன்ற பேர்தான் பிரச்சனையே

முட்டை வெளிய வந்துச்சா இல்லையான்ற கேள்விக்கு கிட்டத்தட்ட நேரா பதில் சொல்ற ரத்த டெஸ்ட் இது ஒண்ணுதான். முட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் அது இருந்த கூடு மஞ்சள் நிறமா மாறி புரோஜெஸ்டிரோனை சுரக்கும், ஒரு வாரத்துல உச்சத்துக்கு போகும், கர்ப்பம் ஆகலைன்னா இறங்கும், பீரியட்ஸ் வந்துடும். அதனால உச்சத்துல இருக்கும்போது பிடிக்கணும், அது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னாடி. 28 நாள் சுழற்சி இருக்கிறவங்களுக்கு அது 21-ம் நாள்ல விழுது, அதனால அந்த பேர் ஒட்டிக்கிச்சு. சீட்டுல "நாள் 21"ன்னு எழுதியிருந்தா 35 நாள் 40 நாள் சுழற்சி உள்ளவங்களும் கரெக்டா 21-ம் நாள் வந்து நிப்பாங்க, ரிசல்ட் 0.6-ன்னு வரும், முட்டையே வெடிக்கலைன்னு சொல்லிடுவாங்க. தப்பான நாள்ல எடுத்தா அப்படித்தான் வரும்.

ஒரு உதாரணம் போட்டு பாப்போம். ஒருத்தங்களுக்கு மார்ச் 3, ஏப்ரல் 9, மே 14-ன்னு பீரியட்ஸ் ஆகியிருக்கு. மார்ச் 3 லேர்ந்து ஏப்ரல் 9-க்கு 37 நாள், ஏப்ரல் 9 லேர்ந்து மே 14-க்கு 35 நாள், சராசரி 36. அடுத்தது ஜூன் 19 வாக்குல வரணும். முட்டை வெளிய வர்றது பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடி, அதாவது ஜூன் 5. இவங்க 21-ம் நாள்னு ஜூன் 3 அன்னிக்கு போய் ரத்தம் கொடுத்தா அன்னிக்கு முட்டையே இன்னும் வெளிய வரலை, புரோஜெஸ்டிரோன் எப்படி இருக்கும்? இவங்க போக வேண்டிய நாள் ஜூன் 12, கணக்கு போட்டா 30-ம் நாள். இதே மாதிரி உங்க தேதியை வச்சு போட்டுக்குங்க, டாக்டர் சீட்டுல 21-ன்னு இருந்தா "எனக்கு 36 நாளைக்கு ஒரு தடவைதான் வருது, எந்த நாள் வரட்டும்"னு கேளுங்க, அவசரத்துல எழுதியிருப்பாங்க, கேட்டா மாத்திக் கொடுப்பாங்க.

அடுத்தது எப்போ வரும்னே தெரியாதவங்களுக்கு என்ன பண்றது? கணக்குப்படி ஒரு நாள் எடுத்துட்டு, பீரியட்ஸ் வரலைன்னா வாரம் ஒரு தடவை திரும்ப எடுக்கிறது ஒரு வழி, பீரியட்ஸ் வர்ற வரைக்கும். வீட்ல எல்ஹெச் கிட் (சிறுநீர்ல எல்ஹெச் ஏறுறதை காட்டுற பட்டை) போட்டு பாஸிட்டிவ் வந்த நாள்லேர்ந்து ஏழெட்டு நாள் கழிச்சு எடுக்கிறது இன்னொரு வழி. ரத்தம் கொடுத்ததோட வேலை முடியலை, அதுக்கப்புறம் பீரியட்ஸ் என்னிக்கு வந்துச்சுன்னு ரிப்போர்ட் மேலயே எழுதி வைங்க. அஞ்சு நாள்லேர்ந்து ஒன்பது நாளுக்குள்ள வந்திருந்தா சரியான நேரத்துல எடுத்திருக்கீங்க. 20 நாள் கழிச்சு வந்திருந்தா அந்த ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

எவ்ளோ இருக்கணும்? 3 நானோகிராமுக்கு மேல இருந்தாலே முட்டை வெளிய வந்ததுக்கு அடையாளம்னு எடுத்துக்குவாங்க, 10 கிட்ட இருந்தா இன்னும் தெளிவு. சில நாட்டு ரிப்போர்ட்ல நானோமோல்ல போடுவாங்க, அங்க 30-ன்ற அளவை சொல்வாங்க, அந்த 30-ம் இங்க சுமார் 9.5-ம் ஒண்ணுதான், ஒரு நானோகிராம்ன்றது 3.18 நானோமோல். இது தெரியாம நெட்ல "30 இருக்கணும்"னு படிச்சிட்டு தன் ரிப்போர்ட்ல 11-ஐ பாத்து கலங்குறவங்க நிறைய. அதே மாதிரி 8 வந்தவங்க, 14 வந்தவங்களை விட மோசம்னு நினைக்காதீங்க, இது விட்டு விட்டு சுரக்கிற ஹார்மோன், ஒண்ணரை மணி நேரத்துக்குள்ளயே பல மடங்கு ஏறி இறங்கும். வந்துச்சா வரலையான்னு மட்டும்தான் இது சொல்லும், முட்டை தரமா இருக்கான்னு சொல்லாது. அதுலயும் ஒரு விதிவிலக்கு இருக்கு, சில சமயம் முட்டை வெடிக்காம உள்ளயே தங்கி, ஆனா புரோஜெஸ்டிரோன் மட்டும் ஏறும், அதை ஸ்கேன்லதான் பாக்க முடியும்.

புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ ஜெல்லோ ஏற்கனவே போட்டுட்டு இருக்கீங்கன்னா இந்த டெஸ்ட் வேண்டாம், உங்க உடம்பு சுரந்ததா மாத்திரையான்னு மெஷினுக்கு தெரியாது.

புரோலாக்டின்: அன்னிக்கு காலையில நீங்க என்ன பண்ணீங்கன்றது ரிப்போர்ட்ல வரும்

தாய்ப்பாலுக்கான ஹார்மோன், பால் கொடுக்காத நேரத்துல இது ஏறினா மூளையிலேர்ந்து சினைப்பைக்கு போற உத்தரவே குறைஞ்சிடும், பீரியட்ஸ் தள்ளும், நிக்கும். நாள் கணக்கு இதுக்கு முக்கியம் இல்ல, எந்த நாளும் எடுக்கலாம், அதனால நாள் 2 ரத்தத்தோடயே சேர்த்து எடுத்துடுவாங்க. ஆனா நேரம் முக்கியம். தூக்கத்துல இது ஏறியிருக்கும், எழுந்த உடனே ஓடி வந்து கொடுத்தா அதிகமா காட்டும், அதனால எழுந்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு கொடுங்க. அன்னிக்கு காலையில ஓட்டம், ஜிம் வேண்டாம், முந்தின ராத்திரியும் காலையிலும் தாம்பத்யம், மார்பை தொடுறது வேண்டாம், இதை லேப்ல யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க, கூச்சம், அதனால இங்க சொல்றேன். பஸ்ல நின்னு வந்து படியேறி மூச்சு வாங்க உக்காந்த உடனே ஊசி போட சொல்லாதீங்க, ஒரு கால் மணி நேரம் அமைதியா உக்காந்துட்டு கொடுங்க. ஊசின்னா பயம் இருக்கிறவங்களுக்கு அந்த பயத்துலயே கொஞ்சம் ஏறும்.

25 நானோகிராம் வரைக்கும் நார்மல்னு பெரும்பாலான லேப்ல போடுவாங்க. 32, 40-ன்னு வந்தா பதறாம, மேல சொன்னபடி ஒரு தடவை திரும்ப எடுங்க, நிறைய பேருக்கு ரெண்டாவது தடவை இறங்கிடும். இறங்கலைன்னா அப்புறம் காரணம் தேடணும். வாந்திக்கு கேஸுக்கு போடுற டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, மனநல சிகிச்சைக்கான ரிஸ்பெரிடோன் மாதிரி மாத்திரைகள் எல்லாம் இதை ஏத்தும். வயித்துக்கு போடுற சாதாரண மாத்திரைதானேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுடுறாங்க, சொல்லுங்க. ஆனா மனநல மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தைராய்டு கம்மியா இருந்தாலும் புரோலாக்டின் ஏறும், ஏன்னா தைராய்டை தூண்ட மூளை அனுப்புற அதே ஹார்மோன் புரோலாக்டினையும் தூண்டும். அதனாலதான் டிஎஸ்ஹெச்ன்ற தைராய்டு டெஸ்ட் இல்லாம புரோலாக்டினை மட்டும் வச்சு யாரும் முடிவுக்கு வரமாட்டாங்க, தைராய்டை சரி பண்ணினாலே சிலருக்கு ரெண்டும் சரியாயிடும். ரொம்ப அதிகமா போனாலோ, வேற காரணம் எதுவும் கிடைக்கலைன்னாலோ பிட்யூட்டரில சின்ன கட்டி இருக்கான்னு எம்ஆர்ஐ எடுப்பாங்க, அந்த கட்டிகள் பெரும்பாலும் கேன்சர் இல்ல, மாத்திரையிலயே சுருங்குறது. பீரியட்ஸ் நின்னதோட விடாத தலைவலி, ஓரப்பார்வை மங்குறது, மார்புல பால் கசியறது இருந்தா ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம டாக்டரை பாருங்க.

டிஎஸ்ஹெச் எந்த நாளும் எடுக்கலாம், அதைப்பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. தைராய்டு மாத்திரை போடுறவங்க அன்னிக்கு ரத்தம் கொடுத்துட்டு அப்புறம் மாத்திரை போட்டுக்குங்க.

பிசிஓஎஸ் சந்தேகம் இருந்தா

முகத்துல தாடைல முடி, விடாத முகப்பரு, தலையில முடி கொட்டுறது, பீரியட்ஸ் தள்ளிப்போறது இதெல்லாம் இருந்தா டெஸ்டோஸ்டிரோன், கூடவே எஸ்ஹெச்பிஜின்ற புரதம் எழுதுவாங்க. ரெண்டையும் சேர்த்து கணக்கு போட்டாதான் உடம்புல நிஜமா வேலை செய்யுற டெஸ்டோஸ்டிரோன் எவ்ளோன்னு தெரியும், வெறும் டோட்டல் நார்மலா இருந்தும் வேலை செய்யுறது அதிகமா இருக்கலாம். காலையில எடுக்கிறது நல்லது. கூடவே 17 ஓஹெச் புரோஜெஸ்டிரோன்னு ஒண்ணு எழுதினா அதை புரோஜெஸ்டிரோன்னு நினைச்சு 21-ம் நாள் எடுத்துடாதீங்க, ரெண்டும் வேற. இது அட்ரீனல் சுரப்பில பிறவியிலேயே இருக்கிற ஒரு குறையை தேடறது, பிசிஓஎஸ் மாதிரியே தெரியும் ஆனா பிசிஓஎஸ் இல்ல. பீரியட்ஸ் ஆன முதல் சில நாள்ல, காலையில எடுக்கணும், முட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் எடுத்தா இதுவும் ஏறி ஏமாத்திடும்.

பிசிஓஎஸ்ன்றதை ஒரு ஹார்மோனை வச்சு சொல்ல முடியாது. பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகம் (ரத்தத்துலயோ உடம்புல தெரியுற அறிகுறியிலயோ), ஸ்கேன்ல நிறைய சின்ன முட்டைப்பைகள், இந்த மூணுல ரெண்டு இருக்கணும், தைராய்டு புரோலாக்டின் மாதிரி மத்த காரணங்கள் இல்லைன்னும் தெரியணும். 2023-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஸ்கேனுக்கு பதிலா ஏஎம்ஹெச்சையும் (சினைப்பைல மிச்சம் இருக்கிற முட்டையை தோராயமா காட்டுற ரத்த டெஸ்ட்) எடுத்துக்கலாம்னு சொல்லுது, வயசு வந்த பெண்களுக்கு மட்டும். பீரியட்ஸ் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆகாத பொண்ணுங்களுக்கு ஸ்கேனும் ஏஎம்ஹெச்சும் ரெண்டுமே நம்பகமில்ல, அந்த வயசுல எல்லாருக்கும் சினைப்பை அப்படித்தான் தெரியும். 15 வயசு பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்துட்டு பிசிஓடின்னு பட்டம் கட்டிட்டு வீட்ல வருஷக்கணக்கா கவலைப்படுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

ஃபாஸ்டிங் இன்சுலின்னு ஒண்ணு பேக்கேஜ்ல சேர்த்து வரும், பிசிஓஎஸ் கண்டுபிடிக்க அது தேவையில்ல. அதுக்கு பதிலா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல பாக்குற சுகர் டெஸ்ட் எடுங்க, அதுதான் பிசிஓஎஸ்காரங்களுக்கு நிஜமா உபயோகம். இதுக்கு மட்டும் வெறும் வயிறு கட்டாயம்.

ஏஎம்ஹெச் பத்தி கொஞ்சம்

எந்த நாளும் எடுக்கலாம், அதனாலயே எல்லாரும் முதல்ல இதை எடுத்துட்டு வந்துடுறாங்க. இது சினைப்பைல இன்னும் எவ்ளோ முட்டை மிச்சம் இருக்குன்னு தோராயமா காட்டும். இந்த மாசம் முட்டை வெளிய வருதான்னு காட்டாது, முட்டை நல்லதான்னு காட்டாது. 2017-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 30 லேர்ந்து 44 வயசு வரைக்கும், குழந்தையின்மை பிரச்சனைன்னு முன்னாடி எதுவும் இல்லாத பெண்களை பாத்தாங்க, ஏஎம்ஹெச் கம்மியா இருந்தவங்களுக்கும் நார்மலா இருந்தவங்களுக்கும் இயற்கையா கர்ப்பமாகுற வாய்ப்புல வித்தியாசம் இல்ல. ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் குழந்தை முறை) பண்ணும்போது எத்தனை முட்டை கிடைக்கும், எவ்ளோ ஊசி போடணும்னு கணக்கு போடத்தான் இது பெரிய உதவி. ஏஎம்ஹெச் 1-ன்னு வந்ததை வச்சு "உங்களுக்கு நேரம் இல்ல, உடனே பேக்கேஜ் எடுங்க"ன்னு யாராவது அவசரப்படுத்தினா வெளிய வந்து இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க. பிசிஓஎஸ்ல இது அதிகமா இருக்கும், அதிகம்னா நல்லதுன்னு சந்தோஷப்படவும் முடியாது. கருத்தடை மாத்திரை போடும்போது கம்மியா காட்டும்.

பீரியட்ஸே வரலைன்னா நாள் 2-க்கு எங்க போறது

மாசக்கணக்கா வரலைன்னா காத்திருக்க வேண்டாம், பிரெக்னன்ஸி இல்லைன்னு உறுதி பண்ணிட்டு எந்த நாளும் எடுக்கலாம், ரிப்போர்ட் படிக்கிறவங்களுக்கு "பீரியட்ஸ் வரலை, எந்த நாள்னு தெரியாது"ன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அல்லது டாக்டர் சில நாள் மாத்திரை கொடுத்து வரவழைச்சு, அப்புறம் எடுக்க சொல்வாங்க. அந்த மாத்திரைக்கு பீரியட்ஸ் வந்துச்சா வரலையான்றதே ஒரு தகவல்தான், வந்துச்சுன்னா உடம்புல ஈஸ்ட்ரோஜன் ஓரளவு இருக்குன்னு அர்த்தம். கடையில நீங்களா வாங்கி போடாதீங்க.

டெஸ்ட்டையே கெடுக்குற மாத்திரைகள்

கருத்தடை மாத்திரையோ, பீரியட்ஸை ஒழுங்கு பண்ண கொடுத்த ஹார்மோன் மாத்திரையோ போட்டுட்டு இருக்கும்போது இந்த டெஸ்ட்ல பெரும்பாலானது உங்களோட நிஜ நிலையை காட்டாது. மாசாமாசம் ரத்தம் வருதேன்னு நினைப்பீங்க, அது மாத்திரையை நிறுத்துறதால வர்றது. டெஸ்டோஸ்டிரோன் பாக்கணும்னா நிறுத்தி மூணு மாசமாவது ஆகியிருக்கணும், அதுவும் டாக்டர்கிட்ட கேட்டு, அந்த மாசங்கள்ல வேற பாதுகாப்போட.

அடுத்து பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும்னு விக்கிற மாத்திரைல 5, 10 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாளைக்கு உடம்புக்கு தேவை 30 மைக்ரோகிராம்தான். நிறைய லேப் மெஷின்ல ரத்தத்தை சோதிக்கிற முறையே பயோட்டினை வச்சுதான், உங்க ரத்தத்துல ஏற்கனவே நிறைய இருந்தா மெஷின் குழம்பிடும். டிஎஸ்ஹெச், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், புரோலாக்டின் எல்லாம் நிஜத்தை விட கம்மியா காட்டலாம், புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன் அதிகமா காட்டலாம். யோசிச்சு பாருங்க, முட்டையே வராத ஒருத்தருக்கு வந்த மாதிரி ரிப்போர்ட். முடி கொட்டுறதுக்குன்னு இதை போடுறவங்கதான் பிசிஓஎஸ் டெஸ்ட்டுக்கும் வர்றாங்க, அதனால இது அபூர்வமான விஷயம்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்துங்க, டோஸ் ரொம்ப அதிகம்னா இன்னும் முன்னாடி. மல்டிவிட்டமின் டப்பா பின்னாடி திருப்பி படிங்க, பேர்ல பயோட்டின்னு இல்லைன்னாலும் உள்ள இருக்கும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

தடிச்ச எழுத்துல இருக்கிறதையும் பக்கத்துல இருக்கிற அம்புக்குறியையும் பாக்காதீங்க. முதல்ல ரத்தம் எடுத்த தேதி, அது உங்களுக்கு எத்தனாவது நாள், அப்புறம் யூனிட், அப்புறம்தான் நம்பர். நார்மல் ரேஞ்ச்னு அடியில ஃபாலிக்குலர், மிட் சைக்கிள், லூட்டியல், மெனோபாஸ்னு நாலஞ்சு வரி இருக்கும், உங்க நாளுக்கு எது பொருந்துதோ அதை மட்டும் பாருங்க, நாள் 2, 3-ல எடுத்தது ஃபாலிக்குலர், புரோஜெஸ்டிரோன் எடுத்த நாள் லூட்டியல். கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டுடும். திரும்ப எடுக்கணும்னா அதே லேப்ல எடுங்க, லேப் மாறினா மெஷின் மாறும், 9-ம் 11-ம் நிஜமாவே வித்தியாசமா இல்ல மெஷின் வித்தியாசமான்னு தெரியாம போகும்.

அப்புறம் ஒரு நம்பரை தனியா எடுத்து தேடாதீங்க, சேர்த்து படிக்கணும். எஃப்எஸ்ஹெச் ரொம்ப அதிகம், ஈஸ்ட்ரடையால் கம்மி, ஏஎம்ஹெச் கம்மின்னா பிரச்சனை சினைப்பைல. எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால் மூணும் கம்மின்னா உத்தரவே மேலேர்ந்து வரலை, வேகமா உடம்பு இளைச்சது, சாப்பாட்டை ரொம்ப குறைச்சது, அளவுக்கு மீறின உடற்பயிற்சி, பெரிய மன அழுத்தம் இதெல்லாம் அப்படி பண்ணும், இதுல சினைப்பைல கோளாறு இல்ல, சாப்பாடும் எடையும் தேறினா நிறைய பேருக்கு திரும்ப வரும். எஃப்எஸ்ஹெச் நார்மல், ஈஸ்ட்ரடையால் நார்மல், ஆனா முட்டை வெளிய வரலைன்னா அதுதான் மிக அதிகமானவங்களோட நிலை, முட்டை வராததுக்கு காரணம் தேடி வர்றவங்கள்ல சுமார் 85 சதவீதம் இந்த வகைதான், அதுல பெரும்பாலானது பிசிஓஎஸ். உலக சுகாதார நிறுவனம் பிசிஓஎஸ் பத்துல ஒருத்தர் அளவுக்கு, 10 லேர்ந்து 13 சதவீதம் பெண்களுக்கு இருக்குன்னு சொல்லுது, அதுல 70 சதவீதம் வரைக்கும் தனக்கு இருக்குன்னே தெரியாம இருக்காங்களாம். முட்டை வர வைக்க மருந்துக்கு நல்லா பலன் கொடுக்கிற வகையும் இதுதான்.

வீட்ல போடுற எல்ஹெச் கிட் பாஸிட்டிவ் ஆனா 24 லேர்ந்து 36 மணி நேரத்துல முட்டை வரணும், வரும்னு கேரண்டி இல்ல, பிசிஓஎஸ் உள்ளவங்களுக்கு எல்ஹெச் எப்பவுமே கொஞ்சம் ஏறியிருக்கிறதால நாலஞ்சு நாள் தொடர்ந்து பாஸிட்டிவ் காட்டி குழப்பும். அவங்களுக்கு முட்டைப்பை வளர்ந்து வெடிக்குதான்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாக்குற ஃபாலிக்குலர் ஸ்கேன்தான் தெளிவு.

டாக்டர்கிட்ட போகும்போது மூணு மாசத்து தேதி, போட்டுட்டு இருக்கிற எல்லா மாத்திரையும் (பயோட்டின் டப்பா உள்பட), பழைய ரிப்போர்ட் ஒவ்வொண்ணு மேலயும் "நாள் 3", "நாள் 30, ஏழு நாள்ல பீரியட்ஸ் வந்துச்சு"ன்னு பேனாவுல எழுதி கொண்டு போங்க. குழந்தைக்கு ட்ரை பண்றவங்க இதோட வீட்டுக்காரரோட விந்து பரிசோதனையையும் இதே மாசத்துல முடிச்சிடுங்க. ரெண்டு லேர்ந்து ஏழு நாள் இடைவெளி விட்டு கொடுக்கிற ஒரே சாம்பிள், ஊசி கூட கிடையாது. பொண்ணுக்கு எல்லா டெஸ்ட்டும் முடியட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு அதை தள்ளிப்போடாதீங்க, குழந்தை தாமதமாகுறதுல சுமார் மூணுல ஒரு பங்குக்கு காரணம் ஆண் பக்கம்தான்.